பானைக்குள் இருந்து பாடும் குரல்

இசைப்பிரியர்களுக்கென்று வெளிவரும் ஆங்கிலச் சஞ்சிகைகளைப் புரட்டினால், ஸ்பீக்கர் பெட்டிகளை நிறுத்தி வைக்கும் தாங்கிகளுக்கு மட்டுமே எமது நாட்டுப் பத்திரிகையாளன் ஒருவனின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடக்கூடிய விலைகள் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தாங்கிக்குக் கீழே வைப்பதற்கு உருக்கு முட்கள், முட்களுக்குக் கீழே வைப்பதற்குப் பித்தளை வட்டுகள், பெட்டிக்கும் தாங்கிக்கும் இடையில் வைப்பதற்கு விசேட றப்பர் என்று அந்தப் பட்டியல் நீண்டு செல்லும். இவற்றின் பயன்களை விபரிக்கும் மொழியோ கோயில் தலபுராணங்களை நினைவூட்டக் கூடியது. எனினும் அந்த மிகைப்படுத்தல்களுக்குள் ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. ஒரு ஸ்பீக்கர் எதன் மேல் நிற்கிறது, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பவை அதிலிருந்து வரும் ஒலியை வெகுவாக மாற்றிவிடுகின்றன. இந்த உண்மைக்கு விலை அதிகமில்லை என்பதே நான் சொல்ல வந்தது. எனது செலவு நான்கு சீமெந்துக் கற்களும் தேய்ந்துபோன ஒரு சோடி பாட்டாச் செருப்பும்தான்.

இந்த விடயத்தில் எனக்கு ஈடுபாடு ஏற்பட்டதற்கு இசை ரசனை காரணமல்ல. 1994 ஆம் ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையொன்றின்போது, மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் உள்ள ஒரு கிராமத்தில், முதிய அண்ணாவியார் ஒருவர் வடமோடிக் கூத்தொன்றை முழுமையாகப் பாட, நான் ஒலிப்பதிவு செய்தேன். 90 நிமிட ஒலிநாடாக்கள் நான்கு. அவரிடமிருந்த கூத்துக் கொப்பி 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்வின்போது அழிந்துபோயிருந்தது. நினைவிலிருந்தே பாடினார். அவர் இப்போது உயிருடன் இல்லை. நான் அறிந்தவரையில் அந்தப் பாடம் வேறெங்கும் எழுத்தில் இல்லை. அந்த நான்கு நாடாக்களில் மட்டுமே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவற்றைக் கணினிக்கு மாற்றி, ஓய்வு நேரங்களில் வரி வரியாக எழுதத் தொடங்கினேன்.

இரவல் வாங்கிய சிறிய ஒலிப்பதிவுக் கருவியின் உள்ளேயே அமைந்த மைக்கினால் பதிவு செய்யப்பட்டவை அவை. மத்தளக்காரர் கருவிக்கு அருகிலும் அண்ணாவியார் சற்றுத் தள்ளியும் அமர்ந்திருந்தார்கள். வட்டக்களரியில் கூத்தாடுபவர்களுக்கு மத்தளம் உயிர். நாடாவில் இருந்து சொற்களைப் பிரித்தெடுக்க முனைபவனுக்கு அது வேறு அனுபவம்.

கேட்புப் பொறியைக் காதில் மாட்டிக்கொண்டு எழுதலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். நான் தனியாக எழுதியபோது அப்படித்தான் செய்தேன். ஆனால் கூத்துச் சொற்களில் பாதி எனக்குத் தெரியாதவை. அண்ணாவியாரின் தம்பி எண்பதைக் கடந்தவர், இளவயதில் அதே கூத்தில் வேஷம் கட்டியவர். மருத்துவத்திற்காகக் கொழும்புக்கு வந்து தெஹிவளையில் மகள் வீட்டில் தங்கியிருந்த அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் உள்ள எங்கள் மாடிவீட்டுக்கு வந்துபோகச் சம்மதித்தார். இரண்டு காதுகளிலும் செவித்துணைக் கருவி பொருத்தியிருப்பவர் என்பதால் அதற்கு மேல் எதனையும் மாட்ட முடியாது. ஆகவே ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டியிருந்தது. முதல் நாடாவின் பத்து நிமிடங்களைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“ஆள் பானைக்குள்ள இருந்து பாடுற மாதிரிக் கிடக்கு மனே. மத்தளம் மட்டும்தான் நல்லாக் கேக்குது.”

ஸ்பீக்கர்களைப் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு துல்லியமான விமர்சனம் இருந்ததில்லை.

பானை எது என்று தேடியதில், அது வரவேற்பறையின் ஷோகேஸ் என்று தெரிந்தது. எமது வீடுகளில் ஸ்பீக்கர்களுக்கென்று தனியான இடம் கிடையாது. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸின் மேல், கலியாணப் படத்துக்கும் பிளாஸ்ரிக் பூச்சாடிக்கும் இடையில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு அவை நிற்கும். ஒலி போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மத்தளத்தின் ஒவ்வோர் அடியும் கைக்கு வரும். உள்ளே அடுக்கிய கண்ணாடிக் குவளைகளும் கூடவே சிணுங்கும்.

இதன் காரணத்தைக் கலைப் பட்டதாரியான நான் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஸ்பீக்கரின் கூம்பு முன்னோக்கித் தள்ளப்படும்போது பெட்டி பின்னோக்கித் தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி வரவேற்பறைக்கும் பொருந்தும். 5 அங்குல வூஃபர் ஒன்றின் அசையும் பாகம் ஏறத்தாழ 10 கிராம் இருக்கும். பெட்டி 5 கிலோகிராம் என்றால் 500 மடங்கு பாரம். கூம்பு 1 மில்லிமீற்றர் அசைந்தால் பெட்டி அசைவது அதன் ஐந்நூறில் ஒரு பங்கு. அற்பம் என்று தோன்றும். ஆனால் அந்த அற்ப அசைவு பலகைக்குக் கடத்தப்படுகிறது. கூம்பின் பரப்பு சுமார் 80 சதுர சென்ரிமீற்றர். 4 அடி நீளமும் 1¼ அடி அகலமும் கொண்ட எங்கள் ஷோகேஸின் மேற்பலகை 4,600 சதுர சென்ரிமீற்றருக்கு மேல். ஏறக்குறைய 60 மடங்கு பெரிய கூம்பு ஒன்று, யாரும் கேட்காமலே, கூடப் பாடத் தொடங்கிவிடுகிறது. பாடசாலையில் இசைக்கவையைத் தட்டி மேசையில் ஊன்றியதும் ஒலி பெரிதாகுமே, அதே சங்கதிதான்.

அதிலும் பலகைக்கு விருப்பமான மீடிறன் ஒன்று இருக்கும். அந்த மீடிறன் வந்தால் அது சாதாரணமாக அசைவதை விடப் பன்மடங்கு அசையும். ஒலி நின்ற பின்னரும் சற்று நேரம் முழங்கும். இலங்கைப் பாடநூல்கள் இதனைப் ‘பரிவு’ என்று அழைக்கின்றன. இந்தக் கலைச்சொல்லை ஆக்கியவர்கள் தமிழறிந்தவர்கள். எங்கள் ஷோகேஸ் மத்தளத்தின் மேல் அளவுகடந்த பரிவு கொண்டிருந்தது. கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் செயலி ஒன்றின் மூலம் 50 ஹேர்ட்ஸிலிருந்து 300 ஹேர்ட்ஸ் வரை மெதுவாக ஓர் ஒற்றைச் சுரத்தை ஏற்றிச் சென்றபோது, 130 இலிருந்து 160 வரையிலான பகுதியில் கைக்குக் கீழே பலகை உயிர்பெற்று எழுந்ததை உணர முடிந்தது. ஆண்குரலின் அடிச்சுருதியும் பெரும்பாலும் இந்தப் பகுதியிலேயே அமைகிறது.

வீணையின் குடத்தைப் பலாமரத்தில் குடைவது அது தந்தியுடன் சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காக. மத்தளத்தின் உடலும் அப்படியே. ஸ்பீக்கர் வாத்தியமல்ல, அதன் வேலை நிருபரின் வேலையைப் போன்றது, சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். ஷோகேஸ் இடையில் புகுந்து ஆசிரிய தலையங்கம் எழுதக் கூடாது. இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். மரப்பெட்டி வால்வு றேடியோவில் இலங்கை வானொலி கேட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பெட்டியின் முழக்கம் எங்கள் காதுகளுக்கு இனிமை என்று பழகிப்போய்விட்டது. ‘நல்ல பேஸ்’ என்று கடைக்காரர் சொல்வதையும் அதனால்தான் உடனே நம்பிவிடுகிறோம்.

முழக்கம் இனிமையாக இருக்கலாம். ஆனால் சொல்லுக்கு அது எதிரி. தாழ்ந்த மீடிறன் ஒலிகள் பலமாக ஒலிக்கும்போது அவற்றுக்கு மேலேயுள்ள மெல்லிய ஒலிகளைக் காது தவறவிடுகிறது. உயிரெழுத்துகளின் பலம் கீழே இருக்கிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் நுண்ணொலிகளில் பெரும்பாலானவை 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. வயதாகும்போது முதலில் குறைவதும் அந்த மேற்பகுதிக் கேள்திறன்தான். ஆகவே முதியவர்கள் “சத்தம் கேக்குது, சொல் விளங்கேல்ல” என்று முறையிடும்போது நாம் ஒலியைக் கூட்டுகிறோம். முழக்கமும் கூடுகிறது. லகர ளகரத்திற்கு அர்த்தமே மாறிவிடும் தமிழில் இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. முதல் நாடாவில் ஓரிடத்தில் அண்ணாவியார் பாடியது ‘குலம்’ என்பதா, ‘குளம்’ என்பதா என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் தீர்மானிக்க முடியாமல் இருந்தோம்.

கணினியிலேயே பேஸைக் குறைத்துப் பார்த்தேன். மத்தளத்துடன் சேர்ந்து குரலும் மெலிந்தது. ஆகவே பெட்டிகளை ஷோகேஸில் இருந்து இறக்குவதென்று முடிவு செய்தேன்.

தாங்கி என்பது பெரிய விஞ்ஞானமல்ல. பாரமாக இருக்க வேண்டும், ஆடக் கூடாது, தட்டினால் ஒலிக்கக் கூடாது, பெட்டியை விட அகலமான மேற்பரப்பு இருக்கக் கூடாது. எங்கள் ஊர்ச் சீமெந்துக் கல் இந்த நிபந்தனைகளை எல்லாம் ஏறக்குறைய நிறைவேற்றுகிறது. 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் கொண்ட கல்லில் 6 அங்குலத் தடிப்பானதை வாங்க வேண்டும். 4 அங்குலக் கல் நிற்காது. ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி அதன் மேல் மற்றொன்றைக் கிடையாக வைத்தால் 24 அங்குலம். கடையில் விற்கும் தாங்கிகள் பலவற்றின் உயரமும் அதுதான். அதன் மேல் ஓரடி உயரமுள்ள பெட்டியை வைத்தால், கதிரையில் அமர்ந்திருப்பவரின் காதுக்குச் சமீபமாக ட்வீட்டர் வந்துவிடும். உயர்ந்த மீடிறன் ஒலி ரோர்ச் வெளிச்சத்தைப் போல ஒரு திசையில் குவிந்து செல்வது. ட்வீட்டர் நெற்றிக்கு மேலாலோ முழங்காலுக்கோ பேசிக்கொண்டிருந்தால் மெய்யெழுத்துகள் உங்களை வந்தடைவதில்லை.

இரண்டு கற்களுக்கும் இடையில் பழைய சைக்கிள் ரியூப் துண்டுகளை வைத்தேன், கல் ஆடாமல் இருக்க. நீங்கள் இப்படிச் செய்வதாயின் குழந்தைகள் ஓடித்திரியும் வீட்டில் வேண்டாம். ஒரு கல் காலில் விழுந்தால் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். என் மனைவி கற்களைப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை. மறுநாள் பழைய சேலைத் துணியால் அவற்றுக்கு உறை தைத்துப் போட்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் எனது நண்பர் ஒருவர் பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த பனைமரத் துண்டுகளை நிறுத்தி வைத்து, அதைவிட அழகான ஒரு சோடி செய்திருக்கிறார். வைரமேறிய பனை, பாரத்துக்குக் குறைவில்லை. உள்ளீடற்ற இரும்புக் குழாயில் தாங்கி செய்விப்பவர்கள் அதனுள் மணல் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கோயில் மணிபோல ஒலிக்கும். அரித்து வெயிலில் நன்கு உலர்த்திய ஆற்றுமணலாக இருக்கட்டும். கடல்மணலின் உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

இனிச் செருப்பு. பெட்டிக்கும் கல்லுக்கும் இடையில் நெகிழக்கூடிய ஒன்றை வைத்தால், பெட்டியின் அதிர்வு கீழே இறங்குவது குறைகிறது. ஆனால் எதை வைத்தாலும் இது நடந்துவிடாது. பெட்டியின் பாரத்தில் அது சற்றேனும் அமுங்க வேண்டும். அரை மில்லிமீற்றர் அமுங்கினால் அந்த அமைப்பின் சொந்த மீடிறன் கணக்கின்படி ஏறத்தாழ 22 ஹேர்ட்ஸ். 4 மில்லிமீற்றர் அமுங்கினால் 8 ஹேர்ட்ஸ். றப்பரில் இது கணக்கை விடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். சொந்த மீடிறனைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேலே போனால்தான் தடுப்பு தொடங்கும். அதற்குக் கீழே தடுப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். ஆகவே முழுச் செருப்பையும் பெட்டிக்குக் கீழே செருகுவதில் பயனில்லை. பாரம் பரவிப்போய் அது அமுங்காது. ஓர் அங்குலச் சதுரத்திலும் சிறியதாக நான்கு துண்டுகள் வெட்டி, நான்கு மூலைகளிலும் வைக்க வேண்டும். ரெனிஸ் பந்தைப் பாதியாக வெட்டியும் வைக்கிறார்கள். பெட்டி ஆடுவதால் எனக்கு அது பிடிக்கவில்லை. றப்பர் பூசிய தும்பு மெத்தையின் வெட்டுத் துண்டு கிடைத்தால் அதுவும் நன்று. றப்பரும் தும்பும் விளையும் நாட்டில் இருந்துகொண்டு இவற்றை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது எனக்குச் சங்கடமாகவே படுகிறது.

உருக்கு முட்கள் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்நாட்டு வீடுகள் பலவற்றில் தரை பலகையால் ஆனது, விரிப்பும் போட்டிருப்பார்கள். விரிப்பைத் துளைத்துக்கொண்டு தாங்கி உறுதியாக நிற்க முள் உதவும். எமது சீமெந்துத் தரையில் அதற்கு அத்தகைய வேலை இல்லை. அதிர்வு முள்ளின் வழியாகக் கீழே வடிந்துவிடும், திரும்பி வராது என்று விளம்பரங்கள் சொல்லும். ஒரு பக்கமாக மட்டும் அதிர்வைக் கடத்தும் இரும்புத் துண்டு இந்த உலகில் இல்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றத்தைத் தந்தது, ஒரு சதமும் செலவில்லாத காரியம். பெட்டிகளைச் சுவரிலிருந்து முன்னே இழுத்தேன். சுவரோடு ஒட்டி நிற்கும் பெட்டியின் தாழ்ந்த ஒலிகள் சுவரினால் பலப்படுத்தப்படுகின்றன. கணக்கில் இது 6 டெசிபெல் வரை போகும். மூலைக்குள் வைத்தால் இன்னும் கூடும். முன்னே இழுத்தால் இந்த உபரி பேஸ் குறைகிறது. மேலும் ஒரு விசித்திரம் உண்டு. பெட்டியின் முகப்பு சுவரிலிருந்து 60 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும்போது, பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹேர்ட்ஸ் அளவில் நேரே வரும் ஒலிக்கு எதிராக வந்து அதனை மெலிவிக்கிறது. இசை கேட்பவர்கள் இதனைக் குறை என்பார்கள். மத்தளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கோ அது கேளாமல் கிடைத்த வரம். பெட்டியின் பின்பக்கத்தில் காற்றுத் துவாரம் இருந்தால் பழைய காலுறை ஒன்றைச் சுருட்டி அதற்குள் அடைத்தும் பார்க்கலாம். சிரிக்க வேண்டாம், சில உற்பத்தியாளர்கள் இதே வேலைக்கு நுரைப்பஞ்சு அடைப்பான்களைப் பெட்டியுடனேயே அனுப்புகிறார்கள்.

மலிவான பெட்டிகளின் பலகை மெல்லியதாக இருப்பதையிட்டும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பி.பி.ஸி.யின் பொறியியலாளர்கள் தமது கலையகங்களுக்கான பெட்டிகளை மெல்லிய ஒட்டுப்பலகையில் செய்து, உட்புறம் தார்ச்சேர்மானத் தகடுகளை ஒட்டி அதிர்வைத் தணித்தார்கள். அந்த ஆய்வின் அறிக்கை 1977 இல் வெளிவந்தது. தடித்த பலகை என்றால் நல்ல பலகை என்ற எண்ணத்துக்கு அது அப்போதே பதில் சொல்லிவிட்டது. பெட்டியைத் திறக்கத் துணிவுள்ளவர்கள் கூரைக்குப் போடும் தார்த்தாளை உட்சுவர்களில் ஒட்டிப் பார்க்கலாம். நான் திறக்கவில்லை.

கடைசியாகச் செய்தது, ஒரு பெட்டியை நிறுத்திவிட்டது. ஒற்றை மைக்கில் பதிவான குரலை இரண்டு ஸ்பீக்கர்களில் போடும்போது, ஒரே சொல் ஒவ்வொரு காதுக்கும் இருமுறை, மிகச் சிறிய கால இடைவெளியில் வந்து சேர்கிறது. அதனால் மெய்யெழுத்துகளின் கூர்மை மழுங்குகிறது. இப்போது ஒரே பெட்டி, ஐயாவின் கதிரைக்கு நேரே, ஒரு மீற்றர் தூரத்தில். ஒலியையும் முன்னரை விடக் குறைத்தே வைக்கிறோம். கீழ்மாடியில் குடியிருப்பவர்கள் முன்னர் மத்தளச் சத்தத்தைப் பற்றி மாடிப்படியில் வைத்துச் சொல்வதுண்டு. இப்போது சொல்வதில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வந்து அமர்ந்ததும் அதே இடத்தைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு இருமுறை கேட்டார். மூன்றாம் முறை தமையனுடன் சேர்ந்து மெதுவாகப் பாடினார். “குளம்தான் மனே. குளக்கட்டைப் பிடிச்சித்தான் அவன் வாறான், பிறகு படை வருது. குலமெண்டால் அந்த இடத்தில என்ன கருத்து?” என்றார். அன்று மட்டும் 42 வரிகள் எழுதினோம். அதற்கு முன்னர் ஒரு நாளில் 15 வரிகளைத் தாண்டியதில்லை.

நான்கு நாடாக்களில் இரண்டரை முடிந்துவிட்டன. மூன்றாவது நாடாவின் இரண்டாம் பக்கத்தில், பிற்பாட்டுக்காரர்களும் அண்ணாவியாரும் ஒன்றாகப் பாடும் 11 இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. அங்கே நாடாவிலேயே சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. கல்லும் செருப்பும் அதற்கு ஒன்றும் செய்ய இயலாது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் அதே கூத்தில் கட்டியகாரன் வேஷம் போட்ட ஒருவர் இன்னும் இருப்பதாக ஐயா சொல்கிறார். அவருக்கு வயது எண்பத்தாறு. சித்திரை பிறக்கும் முன்னர் போய்ப் பார்த்துவிட வேண்டும். நாடாவின் பிரதியையும் ஒற்றைப் பெட்டியையும் கொண்டு செல்வேன்; கற்களை அங்கே யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம்.